அலைகளே ஆசிரியர் – விண்ட்சர்ஃபிங் கடலுக்குள் போன கதை

ஒரு பலகை. அதன் மேல் ஒரு பாய். பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள். விண்ட்சர்ஃபிங் என்பது இவ்வளவுதான். பார்க்க எளிதாகத் தெரியும் இந்த விளையாட்டை ஏரியில் பழகுவது ஒரு விதம். ஆளுயரத்துக்கு மேல் அலை எழும்பும் பெருங்கடலில் பழகுவது முற்றிலும் வேறு விதம்!

இன்று அலைக்குள் இறங்க விரும்புபவருக்குப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் 1970களில் ஹவாய்த் தீவுகளில் இதை முயன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. விழுந்தார்கள். ஏன் விழுந்தோம் என்று யோசித்தார்கள். பலகையை மாற்றினார்கள். மறுபடியும் விழுந்தார்கள். இன்றைய அலைப் பலகையின் பல பாகங்கள் அப்படி விழுந்து எழுந்ததில் கிடைத்தவைதான்.

பிறந்தது அமைதியான நீரில்

1964ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த நியூமன் டார்பி, பட்டம் போன்ற பாயைத் தட்டையான பலகையில் பொருத்தி ஓட்டினார். பாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 1965ல் பாப்புலர் சயின்ஸ் இதழில் அதைப் பற்றிக் கட்டுரையும் வந்தது. ஆனால் அவர் காப்புரிமை வாங்கவில்லை.

கலிபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக், சர்ஃபிங் பிரியரான தொழிலதிபர் ஹாயில் ஷ்வைட்ஸர் இருவரும் 1967ல் வேறொரு வடிவத்தை உருவாக்கினார்கள். பாய்மரத்தின் அடியில் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு மூட்டு. பிடித்துக்கொள்ள, பாயின் இரு பக்கமும் வளைந்து செல்லும் பூம். சுக்கான் கிடையாது. பாய்மரத்தை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். 1968ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1970ல் கிடைத்தது.

சுமார் 12 அடி நீளமும் நல்ல கனமும் கொண்ட அந்தப் பலகை அமைதியான நீருக்குப் பொருத்தமானது. அது ஹவாய்க்குப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கைலுவா என்னும் பள்ளிக்கூடம்

ஒவாஹு தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது கைலுவா. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று அங்கே ஆண்டின் பெரும்பகுதி நிற்பதில்லை. லாரி ஸ்டான்லி, மைக் ஹோர்கன் போன்ற இளைஞர்கள் அங்கே பலகையை அலைகளுக்குள் கொண்டுபோனார்கள். கடல் ஒவ்வொரு பாடமாக நடத்தியது.

முதல் பாடம் வேகம். பலகையின் நடுவே டாகர்போர்டு என்ற செங்குத்துப் பலகை நீருக்குள் நீண்டிருக்கும். மெதுவாகப் போகும்போது, பக்கவாட்டில் நழுவாமல் காப்பாற்றுவது அதுதான். வேகம் கூடினாலோ நீர் அதைத் தள்ளி, பலகையையே ஒரு பக்கமாகத் தூக்கிக் கவிழ்த்துவிடும். அதனால் முதலில் அதன் அளவைக் குறைத்தார்கள். பின்னால் வந்த சிறிய பலகைகளில் அது காணாமலே போனது.

இரண்டாவது பாடம் கால். எதிரே வரும் அலையின் சரிவில் வேகமாக ஏறினால் பலகை காற்றில் பறக்கும். பறந்த பிறகு? ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்! கனமான பலகை தலைக்கு மேல் வந்து விழும் ஆபத்தும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் கைலுவா இளைஞர்கள் பலகையில் கால் நுழைக்கும் பட்டைகளைப் பொருத்தினார்கள். செருப்பு வார் போன்ற ஒரு எளிய பட்டைதான். ஆனால் அதன்பிறகு பறப்பது ஒரு விபத்தாக இல்லாமல் ஒரு வித்தையாக மாறியது.

மூன்றாவது பாடம் கை. பலத்த காற்றில் பாயைப் பிடித்திருக்கும் கைகள் சில நிமிடங்களில் சோர்ந்துவிடும். உடம்பில் கட்டிய பட்டையில் ஒரு கொக்கி, பூமில் ஒரு கயிறு. இரண்டையும் மாட்டினால் இழுவிசையை உடம்பின் எடை தாங்கிக்கொள்ளும்.

நான்காவது பாடம் தான் மிகப் பெரியது. ஏரியில் விழுந்தவர் பலகை மேல் ஏறி நின்று, நீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் மெல்ல இழுத்துத் தூக்குவார். அலை உடையும் இடத்தில் அதற்கு நேரம் ஏது? பாதி தூக்குவதற்குள் அடுத்த அலை வந்து அடித்துவிடும். இதற்குக் கிடைத்த விடைதான் வாட்டர்ஸ்டார்ட். நீரில் மிதந்தபடியே பாயின் ஓரத்தை உயர்த்தினால் காற்று அதற்கடியில் புகும். காலைப் பலகை மேல் வைத்தால் அந்தக் காற்றே ஆளைத் தூக்கி நிறுத்திவிடும். கீழே தள்ளிய காற்றையே எழுவதற்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்!

இதிலிருந்து இன்னொரு மாற்றம் பிறந்தது. பலகை மேல் நின்று பாயைத் தூக்கத் தேவையில்லை என்றால், நிற்கும்போது ஆளைத் தாங்கும் பெரிய பலகை எதற்கு? நின்றால் மூழ்கும், ஓடினால் மிதக்கும் சிறிய பலகைகள் வந்தன. அலையின் முகத்தில் சட்டென்று வளைந்து திரும்ப அவைதான் ஏற்றவை.

இந்தக் கைலுவாவில் வளர்ந்தவர்தான் ராபி நைஷ். 11 வயதில் பழகத் தொடங்கியவர், 1976ல் பஹாமாஸில் நடந்த போட்டியில் உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 13!

ஹோகிபாவின் பாறைகள்

1980 வாக்கில் மைக் வால்ட்ஸ், ஷ்வைட்ஸரின் மகன் மேட் போன்றவர்களின் பார்வை மௌயி தீவின் வடகரையில் உள்ள ஹோகிபா பக்கம் திரும்பியது. குளிர்காலத்தில் வட பசிபிக் புயல்கள் எழுப்பும் அலைகள் அங்கே வந்து உடைகின்றன. கடலைப் பார்த்து நின்றால் காற்று வலப்பக்கத்திலிருந்து வீசும். வெளியே போகும்போது அலை மேல் ஏறிப் பறக்கலாம், திரும்பும்போது அதே அலையில் சறுக்கி வரலாம்.

ஆனால் காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கத்தில் பாறைகள் இருக்கின்றன. பாயைத் தவறவிட்டவரின் பலகையும் பாய்மரமும் அங்கே போய் நொறுங்கும். அதனால் அங்கே தாவுவதற்கு முன் கற்க வேண்டியது விழுவது எப்படி என்பதை. விழுந்தாலும் பாயை விட்டுவிடக் கூடாது. உடையும் அலைக்கும் தனக்கும் நடுவே பலகை இருக்கக் கூடாது. இருந்தால் அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த இடைவெளிக்காகக் கரையில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வலிமையை விட இந்தப் பொறுமைதான் பலரைக் காப்பாற்றியது.

யாருடைய கண்டுபிடிப்பு?

1984ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங் இடம் பெற்றது. அதே 1980களில் பிரிட்டன் நீதிமன்றம் ஷ்வைட்ஸர் நிறுவனத்தின் காப்புரிமை அங்கே செல்லாது என்றது. 1958லேயே ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் இதுபோன்ற பலகையை ஓட்டியிருந்ததும், டார்பி பற்றிய கட்டுரையும் அங்கே சான்றுகளாயின.

முதல் பலகைக்கு இத்தனை பேர் உரிமை கோரலாம். ஆனால் அலைகளில் கற்ற பாடங்களுக்கு ஒரே ஒரு சொந்தக்காரரைச் சொல்ல முடியாது. ஒருவர் விழுந்தார், பக்கத்தில் இருந்தவர் பார்த்தார், மூன்றாமவர் பட்டறையில் ஏதோ ஒன்றை ஒட்டிக் கொண்டுவந்தார். கரையில் எல்லோரும் எல்லோரிடமும் கற்றார்கள்.

அந்தப் பாடம் விண்ட்சர்ஃபிங்கோடு நிற்கவும் இல்லை. 1990களில் மௌயியின் பெயாஹியில், துடுப்புப் போட்டுப் பிடிக்க முடியாத ராட்சத அலைகளில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்றோர் இயந்திர வாகனத்தால் இழுக்கப்பட்டுச் சறுக்கத் தொடங்கினர். இருவரும் விண்ட்சர்ஃபிங் பழகியவர்கள். அவர்களுடைய சிறிய சர்ஃபிங் பலகைகளில் கால்களைப் பிடித்து வைத்திருந்தவை அதே பட்டைகள்தான். கைலுவாவில் விழுந்தவர்கள் தேடிய விடை, உலகின் மிகப் பெரிய அலைகளில் ஒன்றிலும் மனிதனை நிற்க வைத்தது!