பரணி மறந்ததும் கல் மறவாததும்

  போரை முன்னோர் எவ்வாறு சொல்லி நினைவில் நிறுத்தினர் என்பதையே இங்கு எடுத்துக்கொண்டேன்.

ஆநிரை கவர்தல் வெட்சி, மதில் வளைத்தல் உழிஞை, நேர்நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை எனத் தொல்காப்பியர் வகுத்தார். கொலைத்தொழிலுக்குப் பூச்சூட்டிய அந்த இலக்கணத்தில் எனக்குப் பெருமிதம் உண்டு. பூமணத்தில் புண்ணின் நாற்றம் மறைந்துவிடுமே என்ற உறுத்தலும் உண்டு. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலோ பிணக்களம் பேய்களுக்குக் கூழ் அடும் அடுக்களையாகிறது; கேட்பவர் நகைத்து மகிழலாம். சோழன் முதற் குலோத்துங்கனும் அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானும் புகழுடம்பு எய்தினர். மாண்ட காலாட்களுக்குப் பரணியில் பெயரில்லை.

அத்தகையோர் பெயரைக் காத்தது, பட்ட வீரனுக்கு நட்ட நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியர் சொன்ன நடுகல் முறையையே இளங்கோவடிகள் சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தில் கண்ணகிக்கு ஆக்கினார். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகல் ஒன்றில் ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ‘ஆகோள்’ என்ற தொல்காப்பியச் சொல்லே நிற்கிறது. புலவர் கற்பனை என்று வெட்சியை ஒதுக்கியோர் அதைக் காணவேண்டும்! திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல் இன்னும் அரியது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காத்துப் பட்ட வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயும் அதில் உண்டு. நாயின் பெயர் கோவிவன். பல்லவப் பேரரசன் அங்கே ஆண்டு குறிக்க வருகிறான், அவ்வளவே.

போரை நிறுத்த முயன்ற சொல்லும் நம்மிடம் உண்டு. உறையூரில் சோழன் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, அதே குடியினனான நலங்கிள்ளி முற்றியபோது, புலவர் கோவூர்கிழார் வெற்றி பாடவில்லை. எதிரி சேரனின் பனம்பூவோ பாண்டியனின் வேம்போ சூடியவன் அல்லன், இருவர் கண்ணியும் சோழரின் ஆத்தியே, எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்றார். மலையமான் மக்களை யானைக்காலில் இடவிருந்த சோழன் கிள்ளிவளவனிடமும் அவரே சென்று இரந்தார். புறநானூற்றை மறக்குடி மகளிர் பாடல்களாக மட்டும் மேடையில் முழங்குவோர் அதிலுள்ள இந்தப் பாடல்களையும் முழங்கட்டும்.

மீண்டும் கல்லுக்கே வருகிறேன்: செங்கம், தருமபுரிப் பகுதிகளில் வேடியப்பன் எனப் பூசை பெறும் கற்கள் பல நடுகற்களே. எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறி எழுத்து மறையுமுன், நம் இளைஞர்கள் ஊராரின் இசைவோடு அவற்றைப் படியெடுக்கவேண்டும். பூசைக்கு ஊறு நேரலாகாது.