குன்றிலிருந்து இறங்கியோர்

சிதறால் குன்றின் உச்சியில் நிற்கிறோம். கீழே தென்னையும் வாழையும் இரப்பர்த் தோட்டங்களும் பச்சைப் போர்வை விரித்துக் கிடக்கின்றன. அப்பால் மேற்கு மலைத்தொடர் நீல மதிலென நிமிர்ந்து நிற்கிறது. மார்த்தாண்டத்துக்கு அணித்தேயுள்ள இக்குன்றை இன்று ஊரார் மலைக்கோயில் என்கின்றனர். கல்வெட்டுக்கள் வழங்கும் பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்போர் சமணத் துறவியர். அவர்கள் தங்கித் தவமியற்றிய மலை என்பதே அப்பெயரின் பொருள்.

பெரும்பாறை ஒன்று கூரைபோல் கவிந்து நிற்கிறது. அதன் நெற்றியிலே வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். பாம்புக் குடையின் கீழே பார்சுவநாதர். மக்களும் சிங்கமும் உடனிருக்க அம்பிகை. உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் சில பெயர்கள். அச்சணந்தி என்றொரு பெயர். திருநறுங்கொண்டையைச் சேர்ந்த வீரணந்தி அடிகள் என்றொரு பெயர். ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி இங்குள்ள பட்டாரியர்க்குப் பொன்னணி வழங்கியதைக் கூறும் கல்வெட்டும் உண்டு. அவர் பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி. குரத்தி என்ற சொல்லுக்கு ஆசிரியை என்று பொருள். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, தென்கோடித் தமிழகத்திலே, ஒரு பெண் ஆசிரியை என அழைக்கப்பட்டாள், பொருள் ஈந்தாள், தன் பெயரைக் கல்லிலே பொறிக்கச் செய்தாள்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டே வரும்போது நம் நெஞ்சிலே ஒரு கேள்வி எழுகிறது. கல் யார் பெயரைச் சொல்கிறது? வந்தவர் பெயரைச் சொல்கிறது. கொடுத்தவர் பெயரைச் சொல்கிறது. சிலை செய்வித்தவர் பெயரைச் சொல்கிறது. இந்தக் குன்றிலிருந்து இறங்கிச் சென்றவர் பெயர் எங்கே? ‘இந்த நெறி எனக்கு ஒவ்வவில்லை’ என்று மயிற்பீலியைக் கீழே வைத்துவிட்டு நடந்தவனுக்கு எந்தப் பாறையிலே இடம் கிடைத்தது?

மதங்கள் தம்மை நாடி வருவோரைக் கணக்கெடுக்கும். விட்டு விலகுவோரைக் கணக்கிலிருந்து அடித்துவிடும். சிதறாலில் மட்டுமன்று, உலகெங்கும் இதுவே வழக்கம். அடிக்கப்பட்ட அந்தக் கணக்கைத்தான் நாம் இன்று புரட்டிப் பார்க்க விழைகிறோம்.

சமணத் துறவு எளிய வாழ்வன்று. தலைமயிரைக் கையாலேயே பறித்தெறிய வேண்டும். நாளுக்கு ஒரு வேளை, நின்றபடியே, இரு கைகளையும் கலமாக்கி உண்ண வேண்டும். கதிரவன் மறைந்தபின் உணவில்லை. நீராட்டு என்பதே இல்லை. நடக்கும் பாதையில் எறும்பு நசுங்காதிருக்கப் பீலி கொண்டு வருட வேண்டும். உயிரிரக்கத்தின் உச்சி என்று இதனைப் போற்றலாம். உடலை ஒறுப்பதன் உச்சி என்றும் கூறலாம். பெண்ணை ஆசிரியையாக ஏற்ற அந்தத் திகம்பர நெறியே, பெண் பிறவியில் வீடுபேறு இல்லை என்றும் சொல்லிவைத்தது.

இத்தகைய கட்டுக்கோப்பிலே பத்தாண்டு, இருபதாண்டு வாழ்ந்தவன் வெளியேறினால் அவன் இழப்பது கொள்கையை மட்டுமா? விடியலில் என்ன செய்வது என்று சொல்லித் தந்த ஒழுங்கை இழக்கிறான். நோயுற்றால் அருகிருந்து பார்க்கும் தோழரை இழக்கிறான். தன் பெயரையும் இழக்கிறான். ஐயம் ஒன்றே அவன் கையில் மிஞ்சும் செல்வம். அந்தச் செல்வத்தைக் கொண்டு அரிசி வாங்க முடியாது!

சிதறால் துறவியருள் விலகியவர் கதை கல்லில் இல்லை. ஆனால் தமிழகத்திலே சமணப் பள்ளியை விட்டு வெளியேறிய ஒருவரின் கதை ஏட்டில் இருக்கிறது. அவர்தாம் திருநாவுக்கரசர். 7ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த அவர் வரலாற்றை 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் சைவக் கண்கொண்டு எழுதினார். ஆகவே பெரியபுராணத்தின் அற்புதங்களை நாம் வரலாறாகக் கொள்ளவில்லை. சுண்ணாம்புக் காளவாயும் கடலில் மிதந்த கல்லும் ஒருபுறம் கிடக்கட்டும். அவற்றை நீக்கிய பின் எஞ்சுவது என்ன?

பெற்றோரை இழந்த ஒரு பிள்ளை. தம்பிக்காகவே உயிர் தாங்கிய தமக்கை திலகவதி. அந்தத் தம்பி திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியிலே சேர்ந்து கற்றுத் தருமசேனர் என்ற பெயரோடு உயர்கிறார். பின்னர்ச் சூலைநோய் குடலை முறுக்குகிறது. உடனிருந்தோரின் மந்திரமும் மயிற்பீலியும் அதனைத் தீர்க்கவில்லை. பாயும், உறியில் தொங்கிய குண்டிகையும், பீலியும் துறந்து, வெள்ளாடை போர்த்து, இரவோடு இரவாகத் தமக்கை வாழும் திருவதிகைக்கு நடக்கிறார். பகலிலே செல்லவில்லை! உயர்ந்த பதவியில் இருந்தவரும் இருளைத் துணைக்கழைத்தே வெளியேற வேண்டியிருந்தது என்றுதான் புராணமும் சொல்கிறது.

அவர் யாரிடம் சென்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாதத்திலே வென்ற புலவரிடமா? இல்லை. கதவைத் திறந்து உள்ளே அழைக்கும் ஓர் உறவிடம் சென்றார். தமக்கை திருநீறு தந்தாள், தம்பி சைவரானார். திலகவதி கையில் வேறொன்று இருந்திருப்பின் அவர் வேறொன்றாகியிருப்பார் என்று கருத இடமுண்டு. நொந்து வந்தவனுக்கு எந்தக் கதவு திறக்கிறதோ, அந்த வீட்டின் வழக்கமே அவன் வழக்கமாகிறது. ஒரு மதத்தை விட்டவன் இன்னொரு மதத்திலே போய் விழுவதன் மறைபொருள் பெரும்பாலும் இதுதான். அறிவு அவனை வெளியே கொணர்கிறது. தனிமை அவனை மீண்டும் உள்ளே தள்ளுகிறது.

இன்னொன்றும் உண்டு. நாவுக்கரசரின் தேவாரத்திலே, சமணரோடு கழித்த நாளை எண்ணிக் கழிவிரக்கமும் அவர்களைப் பழிக்கும் சினமும் மீண்டும் மீண்டும் வருகின்றன. விட்டு வந்த வீட்டை வாழ்நாளெல்லாம் திரும்பிப் பார்த்துத் தூற்றுகிறவன், உள்ளத்தால் இன்னும் அந்த வீட்டு வாயிலிலேதான் நிற்கிறான்.

இவ்விரண்டு குழிகளிலும் விழாதவர் உண்டா? உண்டு. கடல் கடந்து ஆம்சுடர்டாம் நகருக்குச் செல்வோம். 1656ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள், அங்கிருந்த யூத சபை, சுபினோசா என்ற 23 வயது இளைஞரை விலக்கி வைத்தது. அவரோடு எவரும் பேசலாகாது. ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது. நான்கு முழத்துக்குள் நெருங்கலாகாது. அவர் எழுதியதைப் படிக்கலாகாது. தீண்டாமையை நன்கறிந்த நமக்கு இந்த ஆணையை விளக்க வேண்டுமா?

சுபினோசா மன்னிப்புக் கேட்டுத் திரும்பவில்லை. கிறித்தவம் கதவைத் திறந்து வைத்திருந்தும் அதனுள் நுழையவுமில்லை. கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தார். 1673இல் ஐடல்பர்க்குப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவிக்கு அழைத்தபோது, சிந்தனை உரிமைக்கு ஊறு நேரலாம் என்று மறுத்தார். விட்டு வந்த மறைநூலை வெறுப்போடு கிழிக்கவில்லை. மொழியறிவும் வரலாற்றறிவும் கொண்டு, மனிதர் எழுதிய நூலாக அதனை ஆராய்ந்தார். அவர் தனியே நின்றாரா? இல்லை! வணிகரும் மருத்துவரும் அச்சிடுவோருமாகச் சில நண்பர்கள் சூழ இருந்தனர், கூடிப் படித்தனர், பொருளுதவி செய்தனர். 1677இல், 44 வயதிலே அவர் மறைந்தபோது, எழுத்துப்படிகளைக் காத்து, அதே ஆண்டில் நூலாக அச்சிட்டவர்களும் அவர்களே. ஒரு சபை துரத்தியவரை ஒரு நட்பு வட்டம் உலகுக்குத் தந்தது!

நம் நாட்டிலும் அத்தகைய வட்டம் அமைக்க முயன்றோர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’ ஏட்டை நடத்திக் கடவுளையும் சாதியையும் கேள்விக்குள்ளாக்கினர். பின்னர் வந்த சுயமரியாதை இயக்கம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. மதத்தை விட்டவனுக்கும் திருமணம் உண்டே, பிள்ளைப் பேறு உண்டே, சாவு உண்டே! இவற்றைப் புரோகிதனின்றி நடத்திக் கொடுக்க யார் இருக்கிறார் என்று கேட்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாடு கூடிய நாள்களிலேயே, மாலை மாற்றி, இரண்டு சொல் உரைத்து மணம் புரியும் முறை நாட்டிலே தொடங்கிவிட்டது.

அதற்கு அந்த மணமக்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்துச் சட்டம் கேட்கும் சடங்கும் இல்லை, தொன்றுதொட்ட வழக்காறும் இல்லை என்பதே காரணம். எண்ணிப் பாருங்கள்! ஊரறிய மணந்தவள் சட்டத்தின் முன்னே மனைவியல்லள். அவள் வயிற்றுப் பிள்ளை முறையான பிள்ளையன்று. இதற்குப் பின்னும் அந்த மேடைகளில் மாலை மாற்றிக்கொண்டே இருந்தனர், ஆணும் பெண்ணும். அண்ணா முதலமைச்சரான 1967இல்தான் சட்டம் அவர்களை எட்டிப் பிடித்தது. அவ்வாண்டின் 21ஆம் சட்டம், உற்றார் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றியோ, தாலி கட்டியோ, தமக்குத் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதே மணம் என்றது. முன்னர் நடந்தவையும் நடந்த நாள் முதலே செல்லும் என்றது.

அச்சட்டம் ‘இந்து’ என்ற வரையறைக்குள் அடங்கியோருக்கே உரியது. சிலுவையும் பிறையும் கோபுரமும் அடுத்தடுத்து நிற்கும் குமரி மாவட்டத்திலே, வெவ்வேறு மதம் விட்டு வரும் இருவர் 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். பதிவகத்தில் முன்னறிவிப்பு ஒட்டப்பட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 30 நாளில் அவர்களுக்கு அச்சமூட்டும் உறவினர் பலர் இருப்பர். துணை நிற்கும் தோழர் எத்தனை பேர்?

தோழர்களே! கடுமையான ஒரு வழிபாட்டுக் கூட்டத்தை விட்டு நேற்று வெளியேறிய இளைஞன் நம் படிப்பகத்துக்கு வருகிறான் என்று கொள்வோம். நாம் அவனுக்கு என்ன தருகிறோம்? ஒரு நூல் தருகிறோம், நன்று. அவன் விட்டு வந்ததை எள்ளி நகையாடுகிறோம். அதிலே நம் தாயும் தமக்கையும் போன்றோர் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். இரவு அவன் எங்கே உண்டான் என்று கேட்கிறோமா? பண்டிகை நாளில் அவன் வீட்டுக் கதவு அடைபட்டிருக்க, நம் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா? அவன் தந்தை இறந்தால், சடங்கு செய்யாத மகனோடு சுடுகாடு வரை நடக்க நாம் பத்துப் பேர் இருக்கிறோமா? பெண்ணொருத்தி வந்தால், அவளை நம் குடும்பத்தாரே உடன்பிறந்தாளாக ஏற்கிறார்களா? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாத பகுத்தறிவு, மேடைக்கு மட்டுமே உதவும்.

மீண்டும் சிதறால் பாறையைப் பார்க்கிறோம். 13ஆம் நூற்றாண்டளவில் இக்கோயில் பகவதி வழிபாட்டிடமாக மாறியது. நாகர்கோவில் நாகராசா கோயிலிலோ 1521இல்கூடச் சமணப் பண்டிதர்களுக்கு அரசன் நிலம் வழங்கினான். மதங்கள் வருகின்றன, போகின்றன. குணந்தாங்கி குரத்தியின் தெய்வம் யாது என்பது நமக்குப் பொருட்டன்று. அவளுடைய கல்வியும் துணிவும் நம்முடையவை. நன்னூல் தந்த பவணந்தியும் அந்நெறியினரே. அவர்கள் தமிழுக்குத் தந்ததை நன்றியோடு ஏற்போம். உடலுக்கும் பெண்ணுக்கும் அவர்கள் இட்ட தளையை மறுப்போம். இரண்டையும் ஒருங்கே சொல்லும் துணிவு வந்த நாளே, வெளியேறியவன் முழு விடுதலை பெற்ற நாள்.

குன்றிலிருந்து இறங்கி வருவோரின் பெயரை எந்தக் கல்லும் தாங்காது. அவர்கள் இருளில் நடந்து வரத் தேவையில்லை. அடிவாரத்திலே விளக்கேற்றி வைத்து, இலை போட்டுக் காத்திருப்போம்!