லுட்டேஷியா ஹோட்டலுக்கு வந்தவர்கள்

பாரிஸ் நகரத்தில், ஸீன் நதியின் இடது கரையில், 'போன் மார்ஷே' என்று ஒரு பிரம்மாண்டமான கடை இருக்கிறது. துணிமணி, தொப்பி, மேஜை நாற்காலி, பொம்மை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஒரு காலத்தில் வெளியூர்ப் பணக்காரர்கள் குடும்பத்தோடு வந்து நாலைந்து நாள் தங்கிச் சாமான் வாங்குவார்கள். அவர்கள் வசதியாகத் தங்குவதற்கென்று கடைக்காரர்களே எதிரில் ஒரு ஹோட்டலைக் கட்டினார்கள். 1910 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. பாரிஸுக்கு ரோமானியர் வழங்கிய பழைய பெயரையே அதற்கும் சூட்டினார்கள்: லுட்டேஷியா. முகப்பெல்லாம் திராட்சைக் கொடியும் குலையுமாகக் கல்லிலே செதுக்கி வைத்தார்கள்.

முதல் இருபது வருஷத்துக் கதை விருந்தும் சங்கீதமும்தான். அதை நான் வளர்த்தப் போவதில்லை.

1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தான். உயிருக்குப் பயந்து பாரிஸுக்கு ஓடிவந்த ஜெர்மானியர்களில் எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் பலர். 1935-லும் 36-லும் அவர்கள் இந்த ஹோட்டலில் கூடி, ஹிட்லரை எதிர்த்து ஓரணியாக நிற்க வழி தேடினார்கள். நாவலாசிரியர் ஹைன்ரிக் மன் தலைமை வகித்தார். சோஷலிஸ்டு, கம்யூனிஸ்டு, கத்தோலிக்கர் எல்லோரும் வந்தார்கள், நிறையப் பேசினார்கள். ஒற்றுமை மட்டும் வரவில்லை.

1940 ஜூனில் வேறு ஜெர்மானியர்கள் வந்தார்கள். பாரிஸைப் பிடித்த ஹிட்லரின் சைன்யத்தில் 'ஆப்வேர்' என்று ஓர் ஒற்று இலாகா உண்டு. அது தன் ஜாகைக்குப் பிடித்த இடம் இதே லுட்டேஷியா! ஹிட்லருக்கு விரோதமாகச் சதியாலோசனை நடந்த கூடங்களில், ஹிட்லரின் விரோதிகளை வேட்டையாடுகிறவர்கள் நாலு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதை நான் ஒரு தொடர்கதையில் எழுதியிருந்தால், 'தற்செயல் அளவு மீறிவிட்டது' என்று பத்திரிகாசிரியர் திருப்பியனுப்பியிருப்பார். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. கதையை அதோடு அது விடவும் இல்லை.

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையடைந்தது. மறு வருஷம் ஏப்ரலில் ஜெர்மனியின் சிறைமுகாம்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. பிரான்ஸிலிருந்து பிடித்துப் போனவர்களில் எஞ்சியவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். மனிதர்களா அவர்கள்? எலும்பின் மேல் தோலைப் போர்த்துக் கோடு போட்ட சட்டையை மாட்டியது போல் இருந்தார்கள். அவர்களை வரவேற்கத்தான் டி கோலின் சர்க்கார் லுட்டேஷியாவை எடுத்துக்கொண்டது.

பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். முதலில் பேனுக்கு மருந்துத் தூள், பிறகு வைத்திய பரிசோதனை, பிறகு விசாரணை. பிரான்ஸைக் காட்டிக் கொடுத்த சிலர் முகாம் கைதிகளைப் போல வேஷம் போட்டு நடுவே நுழையப் பார்த்ததால், உண்மையாகவே பட்டு வந்தவர்களும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அப்புறம் அறை கிடைத்தது. மெத்தையில் படுத்தால் தூக்கம் வராமல், கம்பளத்தில் இறங்கிப் படுத்தவர்கள் பலர். பசி தீர ஒரே வேளையில் சாப்பிடவும் கூடாது. சாப்பாடே உயிரைக் குடித்துவிடும்.

வெளியே ரஸ்பாய் பெருவீதியில் நகரசபைத் தேர்தலுக்காக விளம்பரப் பலகைகள் நின்றன. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வோட்டுப் போட்ட தேர்தல் அது. அந்தப் பலகைகளெல்லாம் போட்டோக்களால் நிறைந்துவிட்டன. காணாமற்போன கணவன், மகள், தம்பி. கீழே பெயர், பிடிபட்ட தேதி, தெரிவிக்க வேண்டிய விலாசம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்துக்கு நேரே ஜனங்கள் படத்தை நீட்டி, "இவரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் இருந்தது கல்யாணத்தன்று எடுத்த முகம், கன்னம் உப்பிச் சிரிக்கிற முகம். முகாமில் அப்படி ஒரு முகத்தை யார் பார்த்திருப்பார்கள்?

பின்னாளில் பாட்டுக்காரியாகப் பெயர் பெற்ற ஜூலியட் கிரெக்கோவுக்கு அப்போது பதினெட்டு வயசு. ராவென்ஸ்புருக் முகாமுக்குப் போன தாயும் அக்காவும் உயிரோடு திரும்பி, அவளுக்கு இங்கேதான் கிடைத்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரான்ஸிலிருந்து யூதர்கள் என்பதற்காகக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 76,000 பேர்; திரும்பியவர்கள் ஏறக்குறைய 2,500.

ஆகஸ்டில் அந்த வேலை முடிந்தது. ஹோட்டல் மறுபடி ஹோட்டலாயிற்று. 2014-ல் மூடிப் புதுப்பித்து, 2018 ஜூலையில் திறந்தார்கள். வெளிச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. திரும்பி வந்தவர்களின் சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு, இந்த வாசலில் வீணாகக் காத்திருந்த குடும்பங்களின் துயரத்தையும் அது சொல்கிறது.