பனியின் கீழ்ப் பயிர் காத்த பொருள்

கோதுமைக்கு உறவான றை என்னும் தானியமே நெடுங்காலம் பின்லாந்து மக்களின் அன்றாட அப்பத்துக்கு ஆதாரமாயிருந்தது. கோடை முடியும் வேளையில் விதைக்கப்படும் அப்பயிர், சில இலைகள் விட்ட நிலையில் மாதக்கணக்காக வெண்பனியின் கீழ்க் கிடந்து, மறு ஆண்டுக் கோடையிலேதான் கதிர் முற்றும். அங்கு விளைச்சல் பொய்த்தால் என்ன நேரும் என்பதற்கு 1866 முதல் 1868 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சம் சான்று. காலந்தாழ்ந்து வந்த வசந்தமும் முந்தி வந்த உறைபனியும் 1867 ஆம் ஆண்டுப் பயிரை அழித்தன. அடுத்த ஓராண்டிலே மட்டும் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேர் மாண்டனர்.

பனி உருகியதும் வயலிலே பயிர் அழுகிக் கிடக்கக் காண்பவர் குளிரைப் பழிப்பது இயல்பே. ஆயினும் றை குளிருக்கு எளிதில் அஞ்சும் பயிரன்று. இலையுதிர் காலத்தில் குளிர் மெல்ல மெல்ல ஏற, அது தன் உயிரணுக்களில் வெல்லப் பொருள்களைச் சேர்த்து உரம் பெறுகின்றது. வெல்லம் தாவர உயிரணுவை உறைதலினின்று காக்கும் என்பதை உருசிய அறிஞர் மக்சிமோவ் 1912 இல் எடுத்துக் காட்டினார்.

பல வயல்களில் மெய்யான பகை ஒரு பங்கசு. உறையாத நிலத்தின்மேல் தடித்த பனி விழுந்தால், அது கம்பளிபோல் நிலத்தை மூடிக் கடுங்குளிரைத் தடுக்கும். பயிருக்கு நன்மை செய்யும் அதே போர்வை பங்கசுக்கும் நன்மை செய்கின்றது. பூச்சியப் பாகையை ஒட்டிய ஈர இருளிலே அது பரவும். ஒளியற்ற பயிரோ சேர்த்த வெல்லத்தைச் செலவிட்டு மெலியும். அக்காலத்து அறிஞர் அதனைப் பியூசேரியம் நிவாலே என்றனர். நிவாலே என்பது பனிக்குரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்.

ஹெல்சிங்கியில் 1895 இல் பிறந்த ஆர்த்தூரி வீர்த்தானென், கால்நடைத் தீவனத்தைக் கெடாது காக்கும் முறை முதலிய ஆய்வுகளுக்காக 1945 இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஹியேத்தலா என்பவரும் 1955 இல், றை நாற்றிலிருந்து இப்பங்கசைத் தடுக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். பென்சொட்சாசோலினோன் என்பது அதன் பெயர்.

விந்தை அதற்குப் பின்னரே வெளிப்பட்டது. ஊறுபடாத பயிரில் அப்பொருள் இல்லை; நசுக்கிய பயிரிலேயே தோன்றியது! காரணம் 1960 அளவில் தெளிவாயிற்று. குளுக்கோசுடன் பிணைக்கப்பட்ட, தீங்கற்ற வடிவிலே பயிர் அதன் மூலப்பொருளைச் சேமிக்கின்றது. இலை காயமுற்றதும் நொதியம் ஒன்று குளுக்கோசைக் கழற்றிவிட, நஞ்சு விடுபடுகின்றது. அது சிதைந்தே பென்சொட்சாசோலினோன் உண்டாகின்றது. தன் நஞ்சால் தானே மாளாதிருக்கப் பயிர் கண்ட உபாயம் இது.

கோதுமையிலும் சோளனிலும் இக்குடும்பப் பொருள்கள் உண்டு. சோளனில் இவற்றை ஆக்கும் ஐந்து மரபணுக்களைச் செருமானிய ஆய்வாளர் 1997 இல் விளக்கினர். ஓற்சிலும் நெல்லிலும் இவை இல்லை. மறுபுறம், சோளனைத் தாக்கும் பியூசேரிய இனமொன்று இந்நஞ்சைச் சிதைத்து வலுவிழக்கச் செய்யும் ஆற்றலைப் பெற்றிருக்கின்றது.