படுத்துக்கொண்டு ஓட்டும் தறி

அத்தையிடம் செல்போனை நீட்டினேன். திரையில் ஒரு பெண் எட்டடி நீளச் சட்டத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். கால்மாட்டில் இருந்த கம்பியை அவள் உந்த, அவளைத் தாங்கிய பலகை தலைப்பக்கமாக ஓடி, மெதுவாகத் திரும்பி வந்தது. மரச்சட்டம், கயிறு, உருளை. மதுரை செல்லூரில் முப்பது வருசம் தறி மிதித்தவர் அத்தை. கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு பார்த்தார். "ஏத்தா, இதென்ன, படுத்துக்கிட்டு ஓட்டுற தறியா?"

வீடியோ அனுப்பியது சென்னையில் இருக்கும் அவர் மகள். ரிஃபார்மர் என்கிற இந்தக் கட்டிலில் செய்யும் பிலாட்டிஸ் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தசை நீளுமாம், தொப்பை கரையுமாம், முதுகுவலி ஓடிவிடுமாம், மெஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம், பெண்களுக்கென்றே உண்டாக்கியதாம். அவள் உற்சாகத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அத்தைக்கும் மூட்டுவலி, இடுப்புவலி; அவரையும் வரச் சொல்கிறாள். அதனால் அந்தக் கட்டில் பிறந்த கதையை முதலில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜோசப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியின் மொன்சன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சிறுவயதில் நோஞ்சான்; ஆஸ்துமாவும் எலும்பு மெலிவும் இருந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மானியர் என்பதால் பகைநாட்டான் என்று பிடித்து, மான் தீவின் நாக்கலோ முகாமில் அடைத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் முள்வேலிக்குள் வருசக்கணக்கில் கிடந்த இடம் அது. இப்படி அடைபட்டுக் கிடந்தவர்களின் மனச்சோர்வுக்கு ஸ்விட்சர்லாந்து மருத்துவர் விஷர் 1918-இல் 'முள்வேலி நோய்' என்றே பெயர் வைத்தார். அந்தச் சூழலில்தான் பிலாட்டிஸ் தன் பயிற்சிகளுக்கு உருக்கொடுத்தார். பெண்களுக்கென்று உண்டாக்கியது என்ற பேச்சு இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

முகாம் ஆஸ்பத்திரிக் கட்டில்களின் ஸ்பிரிங்கைக் கழற்றி, படுத்த படுக்கையாய்க் கிடந்த நோயாளிகளுக்கு மாட்டிவிட்டார், ரிஃபார்மர் அப்படித்தான் பிறந்தது என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அழகான கதை, நானும் அதை நம்பியிருந்தேன். ஆனால் அது வாய்வழியாக வந்த கதை. கையில் பிடித்துக் காட்ட அந்தக் காலத்துத் தாள் எதுவும் இல்லை. தாளில் இருப்பது, அவருடைய உடற்பயிற்சிக் கருவி ஒன்றுக்கு 1927-இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை. அதற்கு முந்தைய வருசம் அவர் நியூயார்க் வந்து சேர்ந்திருந்தார். மனைவி கிளாராவும் அவரும் எட்டாவது அவென்யூவில் 939-ஆம் எண் கட்டடத்தில் பயிற்சிக்கூடம் நடத்தினார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கான்ட்ராலஜி', கட்டுப்படுத்தும் கலை. பிலாட்டிஸ் என்ற பெயர் நிலைத்தது பிற்பாடு.

பக்கத்திலேயே நாட்டியப் பள்ளிகள். கால் சுளுக்கி, முதுகு பிடித்து ஆட முடியாமல் போனவர்கள் மாடியேறி வந்தார்கள். பெரிய நடன ஆசான் ஜார்ஜ் பாலன்சீன் தன் ஆட்டக்காரர்களை அனுப்பினார். நடனக்காரர் டெட் ஷான் உருவாக்கிய ஜேக்கப்ஸ் பில்லோ நடனத் தலத்தில் கோடைதோறும் பிலாட்டிஸ் சொல்லிக்கொடுத்தார். அதே ஜேக்கப்ஸ் பில்லோவில்தான் 1962-இல் நம் தஞ்சாவூர் மரபின் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடினார். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. ஆனாலும் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அடிபட்ட ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கட்டில் ஏன் பிடித்தது? நின்று கால் மடக்கினால் முழு உடம்பின் பாரமும் முழங்காலில் இறங்கும். படுத்துக்கொண்டு கம்பியை உந்தும்போது, பலகையை இழுத்துப் பிடிக்க மாட்டியிருக்கும் ஸ்பிரிங் எவ்வளவோ அவ்வளவுதான் பாரம். ஒன்றைக் கழற்றினால் குறையும், ஒன்றைக் கூட்டினால் ஏறும். இழுக்க இழுக்க இறுகுவதும் ஸ்பிரிங்கின் குணம். திரும்பி வருகையில் பலகை 'டொக்' என்று மோதாமல் பிடித்து நிறுத்துவதும் ஆள் செய்கிற வேலைதான். 'மெஷினே பார்த்துக்கொள்ளும்' என்பவர்கள் கவனிக்காதது இதைத்தான். இன்னொன்று: ஸ்பிரிங் குறைந்தால் எல்லாமே சுலபம் என்று நினைக்கிறார்கள். பலகையில் முழங்காலூன்றி, கையைக் கம்பியில் வைத்துத் தள்ளும் பயிற்சியில் ஸ்பிரிங் குறையக் குறைய வயிறு நடுங்கும். பலகை ஓடிவிடாமல் பிடிக்க வேறு துணை இல்லாமல் போகிறதல்லவா?

ஒற்றைக் காலால் உந்தச் சொல்லும்போது வேறொரு உண்மை வெளிப்படும். நமக்கு இரண்டு காலும் ஒன்று போல இல்லை. ஒற்றைக் காலின் பாடு மதுரைக்காரர்களுக்குப் புதுச்செய்தி இல்லை. எங்கள் கோயில் கதையில், பரதம் பயின்ற இராசசேகர பாண்டியன், தன் கால்கள் வலித்த பிறகுதான், ஒரே காலில் நின்று ஆடும் நடராசருக்கு எவ்வளவு வலிக்கும் என்று கலங்கினான். கால் மாற்றி ஆடும்படி வேண்டினான். இன்றும் மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் அவர் வலக்காலைத் தூக்கித்தான் நிற்கிறார். தன் உடம்பில் பட்ட பிறகே அடுத்தவர் உடம்பின் பாடு தெரிகிறது என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன கதையை நான் கேட்டதில்லை.

மகள் சொன்ன மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். தசை நீளாது. அதன் இரு முனையும் எலும்போடு ஒட்டியிருக்கிறது; நிமிர்ந்து நிற்கப் பழகுவதால் ஆள் நெடுநெடுவென்று தெரிகிறார், அவ்வளவே. தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்கிற பயிற்சி எதுவும் கிடையாது. மூச்சு வாங்க நடக்கிற நடைக்கும் இது ஈடாகாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்கள் நடையை விட வேண்டியதில்லை. ரிஃபார்மர் அந்த இரண்டு நாளுக்கு உதவும்.

முதுகுவலிதான் பெரிய விஷயம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 10 ஆய்வுகளில் 510 பேரைப் பார்த்தது. சும்மா இருப்பதைவிடப் பிலாட்டிஸ் நல்லது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளை விஞ்சுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. கால் மரத்துப்போகிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பலகையில் படுக்க வேண்டும்.

பிலாட்டிஸ் 1967-இல் இறந்தார். கலிபோர்னியாவில் கென் எண்டல்மன் என்பவர் 1976-இல் ஒரு ரிஃபார்மர் செய்தார். அவருடைய பட்டறை பெரிய தொழிலானது. பிலாட்டிஸ் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு வந்தபோது, அது பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2000-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பயிற்சி பரவியதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். ஆனால் வாசல் பெயர்ப்பலகையில் பிலாட்டிஸ் என்று எழுதியிருப்பதால் மட்டும் சொல்லிக்கொடுப்பவர் கற்றவர் என்று ஆகிவிடாது. எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள், என் முழங்காலுக்கு எத்தனை ஸ்பிரிங், ஏன் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் காசு கட்டக் கூடாது.

"அதுக்கு ஏது காசு?" என்றார் அத்தை.

பிலாட்டிஸ் 1945-இல் எழுதிய புத்தகத்தில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. அத்தனையும் தரையில் செய்பவை, கட்டில் வேண்டாம் என்றேன். கோரைப்பாயை விரித்தார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மெல்லத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். ஒரு பக்கம் சாய்ந்தது.

"இந்த வலக்காலு மட்டும் நடுங்குதுத்தா" என்றார். "இத்தனை வருசம் மிதிச்சேன், இப்பத்தான் தெரியுது." இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தூக்கினார்.