ஓசை நின்றால் அபாயம்: சேலம் – நாமக்கல் சமவெளியில் எச்சரிக்கைக் குறிகளின் வளர்ச்சி

வெண்ணந்தூர் வட்டாரத்து விசைத்தறிகளில் ஊடை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நாடா ஓடும் பாதையின் ஓரத்தில் முள்கரண்டி போன்ற சிறு கம்பி ஒன்று உண்டு. ஊடை நூல் இருக்கும்வரை அது கம்பியைத் தொட்டுச் சாய்க்கிறது. நூல் இல்லாதபோது கம்பி சாயாமல் கொக்கியில் மாட்டி, தறியை இயக்கும் பிடியைத் தட்டிவிடுகிறது. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளும் கூடத்தில், அவரைத் திரும்ப வைப்பது புதிய ஓசை அல்ல, இருந்த ஓசை நின்றதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் உருவான இந்த அமைப்புக்குள், எச்சரிக்கைக் கலையின் மிக முக்கியமான கேள்வி அடங்கியிருக்கிறது: குறி எதுவும் வராதபோது அதற்கு என்ன பொருள்?

பழைய ஊர்களில் அதற்கு ஒரே விடைதான் இருந்தது. தமுக்கு ஒலிக்கவில்லை என்றால் ஆபத்தும் இல்லை. தண்டோரா போடுபவர் தெருத்தெருவாக நடந்து, தோற்கருவியை முழக்கி, கூட்டம் கூடியதும் செய்தியைச் சொன்னார். வரி, ஏலம், கொள்ளைநோய், ஆற்று வெள்ளம் எல்லாம் அந்த ஒரே முழக்கத்தில் வந்தன. எழுத்தறியாதவருக்கும் புரிந்தது என்பதே அதன் பெரும் சிறப்பு. ஆனால் ஒரு மனிதர் நடக்கும் வேகமே செய்தியின் வேகம். 1924 ஜூலையில் காவிரியில் வந்தது போன்ற பெருவெள்ளத்துக்கு அந்த வேகம் ஈடுகொடுக்க முடியாது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகே, கீழே உள்ள ஊர்களுக்கு முன்கூட்டிச் சொல்வது முறையான வேலையாயிற்று. நீர்மட்டம் 120 அடியை நெருங்கும்போது, 16 கண் மதகு திறக்கும் முன்பே குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர்க் கரைகளுக்குச் செய்தி போக வேண்டும். அணை வெள்ளத்தை மட்டும் தேக்கவில்லை. எச்சரிப்பதற்கான நேரத்தையும் தந்தது.

அமைதியின் பொருளைத் தலைகீழாக்கியது ரயில். 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட மதராஸ் ரயில்பாதை 1861இல் சேலத்தை எட்டியது. அந்தப் பாதையில் கைகாட்டியும் வந்தது. கை கிடையாக நின்றால் நிற்க வேண்டும், இறங்கினால் போகலாம். தொலைவிலிருந்து கம்பியை இழுத்துத்தான் கையை இறக்க முடியும். கம்பி அறுந்துபோனால் எடைக்கல் கையைத் தானாகவே கிடைநிலைக்குத் தள்ளிவிடும். கருவி பழுதானாலும் அது "நில்" என்றே சொல்லும். அந்தச் சிறு எடைக்கல்லில் இருக்கும் அறிவு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. இரவு விளக்குகளில் இந்தத் தெளிவு தாமதமாகவே வந்தது. தொடக்க கால பிரிட்டிஷ் ரயில்பாதைகளில் சிவப்பு அபாயம், பச்சை எச்சரிக்கை, வெள்ளை "போகலாம்". சிவப்புக் கண்ணாடி உடைந்தால் உள்ளே எரியும் வெள்ளை விளக்கு "போகலாம்" என்று பொய் சொல்லிவிடும். 1890களில் வெள்ளை கைவிடப்பட்டு, பச்சை அதன் இடத்துக்கு வந்தது. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற தண்டவாள மின்சுற்று இதே கருத்தை மேலும் நீட்டியது: தண்டவாளம் முறிந்து மின்னோட்டம் தடைப்பட்டால் விளக்கு சிவப்பாகும்.

கடற்கரையில் இதே கருத்து வேறு வடிவம் எடுத்தது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலுக்குப் பின், 1865இல் அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. தமிழர் "புயல் கூண்டு" என்று அழைக்கும் குறிகள் இந்த மரபில் வந்தவை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏறும். 1, 2 தொலைவில் உள்ள புயலைக் குறிப்பவை; 5 முதல் 7 வரை அபாயம்; 8 முதல் 10 வரை பேரபாயம். ஆனால் வரிசையின் உச்சியில் இருப்பது புயலைப் பற்றியதே அல்ல. 11ஆம் கூண்டு, எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அற்றுவிட்டது என்பதைச் சொல்கிறது. அறியாமையையே அபாயமாகக் கணக்கிட்ட குறி அது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில், கைகாட்டி விளக்கு எரியாததால் காத்திருந்து, பின்னர் நகர்ந்து புயல் அலையில் சிக்கியதாகவே பரவலாகச் சொல்லப்படுகிறது. எரியாத விளக்கையும் "நில்" என்றே படிக்க வேண்டும் என்ற விதியின் கனம் அங்கே தெரிகிறது.

நாமக்கல்லின் எரிவாயு டேங்கர் லாரிகள் மூக்குக்கும் கண்ணுக்குமான குறிகளைச் சுமந்து செல்கின்றன. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அதன்பின் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமாயிற்று. இன்று கலக்கப்படும் எத்தில் மெர்காப்டான், வாயு வெடிக்கும் அளவை எட்டும் முன்பே நாறத் தொடங்குகிறது. ஆனால் மூக்கு சிறிது நேரத்தில் பழகி, நாற்றத்தை உணர மறந்துவிடும். இங்கே அமைதி மறுபடியும் ஏமாற்றக்கூடியது. வண்டியின் பலகையில் எழுதப்படும் 1075 என்ற ஐ.நா. எண், தீயணைப்பு வீரருக்கு உள்ளே இருப்பது என்னவென்று சொல்கிறது. போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இந்தப் பலகையைக் கட்டாயமாக்கின. ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சியும் விதித்தன. ஆனால் சாலையோர வீட்டாருக்கு அந்த எண் வெறும் எண்தான். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் கவிழ்ந்து தீப்பற்றியபோது இறந்த 20 பேரில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். தமுக்கு எல்லாருக்கும் புரிந்தது. பலகை பயின்றவருக்கு மட்டும் புரிகிறது.

தமுக்கும் இப்போது இல்லை. தண்டோரா போடும் வேலை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்தது. எச்சரிக்கையின் பயன் ஊருக்கு, அதன் இழிவு ஒரு சிலருக்கு என்ற ஏற்பாடு அது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அதைக் கைவிடச் சொல்லி, வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது. வெகு முன்னரே வந்திருக்க வேண்டிய முடிவு. 2023 அக்டோபரில் கைபேசிகளுக்கு ஒரே நேரத்தில் அபாய ஒலி அனுப்பும் முறை தமிழகத்தில் சோதிக்கப்பட்டது. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளும் எண் தெரியாமலேயே அலறுகின்றன. காவிரிக் கரைக்கு இது தண்டோராவைவிடப் பலமடங்கு விரைவானது. ஆனால் 11ஆம் கூண்டுக்கு ஈடான குறி இதில் இல்லை. கோபுரம் சாய்ந்த ஊரில் கைபேசி, ஆபத்தே இல்லாத நாளில் இருப்பதைப் போலவே அமைதியாக இருக்கும்.