குறுங்குழல் ஷாட்கன்

ஒரே தோட்டாவிலிருந்து ஈயக் குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்னின் குட்டை வடிவம் இது. நம் ஊர் வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் 12 போர் இரட்டைக் குழலும் இதே குடும்பம்தான். அது நெட்டை, இது குட்டை.

சிசிலியில் ஓநாயை விரட்டக் கிராமத்தார் வைத்திருந்த 'லூபாரா' பிற்பாடு மாஃபியாவின் அடையாளமானது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரை வண்டியோட்டியின் பக்கத்தில் அமர்ந்த காவலர் இத்தகைய துப்பாக்கியை மடியில் வைத்திருந்தார். 'கோச் கன்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

தோள்கட்டையே இல்லாமல், கைத்துப்பாக்கிப் பிடியோடு 1922இல் அமெரிக்காவின் இத்தாக்கா நிறுவனம் விற்ற 20 போர் துப்பாக்கியின் பெயர் 'ஆட்டோ அண்ட் பர்க்லர்'. காரில் போகிறவரும் வீட்டுக்காரரும் கொள்ளையரைச் சமாளிக்க என்று விளம்பரம். சுமார் 4,500 மட்டுமே செய்யப்பட்டன. 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் 200 டாலர் வரி விதித்தது. துப்பாக்கியின் விலையைவிட அது பல மடங்கு. தயாரிப்பு நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த மசோதா முதலில் கைத்துப்பாக்கிகளையும் குறிவைத்தது. நீண்ட துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கியாக்கித் தப்பிவிடக் கூடாது என்றுதான் குழல் அளவு சேர்ந்தது. பிறகு கைத்துப்பாக்கி மசோதாவிலிருந்து நழுவிவிட்டது, அளவு மட்டும் தங்கிவிட்டது: இன்றும் ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் பதிவு கட்டாயம். 1939இல், குறுங்குழல் ஷாட்கன் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மில்லரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றது. எதிர்த்தரப்பில் வாதாட யாரும் வரவில்லை; தீர்ப்புக்கு முன்பே மில்லர் கொல்லப்பட்டிருந்தார்.

இதன்பின் கதை குழலை விட்டுப் பிடிக்கு நகர்கிறது. ஷாட்கன் என்றால் தோளில் வைத்துச் சுடச் செய்தது என்கிறது 1968ஆம் ஆண்டுச் சட்டம். அப்படியானால் தோள்கட்டை ஒருநாளும் ஏறாத துப்பாக்கி? 2017இல் மாஸ்பெர்க் நிறுவனத்தின் '590 ஷாக்வேவ்' வந்தது இந்த இடுக்கில்தான். 14 அங்குலக் குழல், மொத்தம் 26.37 அங்குலம். 26 அங்குலத்தைத் தாண்டும் அந்தச் சிறு துண்டு நீளத்தைத் தருவது பறவைத் தலைபோல் பின்னோக்கி வளைந்த பிடி. செங்குத்தாக இறங்கும் பிடி நீளத்தில் அவ்வளவு சேர்க்காது. போதாக்குறைக்குப் பின்னுதைப்பை நேரே மணிக்கட்டில் இறக்கும். வளைந்த பிடியில் அந்த உதை உள்ளங்கையோடு வழுக்கிப் போகிறது. ஆனாலும் தோளும் கன்னமும் பதிய இடமில்லாததால் குறி பார்ப்பது கடினம். கை நழுவிக் குழல் முனைக்கு முன்னே போய்விடாமலிருக்க முன்பிடியில் ஒரு வார் உண்டு.

அதே துப்பாக்கியில் தோள்கட்டையைப் பூட்டினால், சட்டத்தின் கண்ணில் அது பதிவுக்குரிய குறுங்குழல் ஷாட்கன். குழல் ஓர் இம்மியும் மாறியிருக்காது. 2026 ஜனவரி 1 முதல் 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது; பதிவு மட்டும் தொடர்கிறது.